ஆகாய கங்கைக்குப் போகும் தங்கச்சிக்கு

கண்ணு, ஆவணியில் கல்யாணம், விருந்தெல்லாம் ஓய்ந்ததும் புரட்டாசியில் கொல்லிமலை என்று நீயும் தம்பியும் முடிவு செய்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆகாய கங்கையில் இறங்கிக் குளிக்கணும்கா என்று நீ போனில் சொன்னதிலிருந்துதான் மனசு அங்கேயே நிற்கிறது. உங்க மாமாவும் நானும் கல்யாணமான இருபதாம் நாள் அதே படிகளில் இறங்கினோம். அன்று எனக்கு யாரும் சொல்லாததை எல்லாம் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

மாதத்தை நீங்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். நம்மூரில் தேனிலவுக்கு எந்த அருவி என்பதை முகூர்த்த மாதமே முடிவு செய்துவிடும். பங்குனி, சித்திரையில் கல்யாணம் செய்தவர்கள் கொல்லிமலைக்குப் போனால் பாறையைத்தான் பார்க்கலாம், தண்ணீர் நூலாக விழும். வைகாசிக் கடைசி, ஆனியில் கல்யாணம் என்றால் தென்மேற்குப் பருவமழையை நம்பிக் குற்றாலம் போகலாம். ஆவணி, ஐப்பசி ஜோடிகளுக்குத்தான் ஆகாய கங்கை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கனத்துவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு நாள் வாசலில் நிறுத்தினால் சண்டை போடாமல் திரும்பிவிடு.

இந்த அருவியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மற்ற மலைகளில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவோம். இங்கே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம் அடியில் இருக்கிறது. உடம்பு தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுவோம். குளித்து, நனைந்து, பசித்த பிறகுதான் ஏற வேண்டும். ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்தால் 50 மாடிக்கு மேல் வருகிறது. எங்களுக்கு இறங்க முக்கால் மணி நேரம் ஆனது, ஏற ஒன்றே முக்கால். பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே அருவியை விட்டுக் கிளம்பிவிடு.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் மொட்டை மாடி வரை இரண்டு மாடிப் படிகள் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ஏறி இறங்குங்கள். முதல் நாள் ஐந்து முறை, பிறகு பத்து. மாமியார் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதே, காரணத்தைச் சொல்லிவிட்டே செய்.

மலைக்குப் போகிற அன்றே ஆகாய கங்கைக்கு ஓட வேண்டாம். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். இருபதைத் தாண்டும்போதே வயிறு புரட்ட ஆரம்பிக்கும். காலையில் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது, ஆனால் வெறும் வயிறும் கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார், போனைப் பார்க்காதே. தம்பிதான் ஓட்டுகிறார் என்றால் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான் மலைப்பாதை முறை என்று ஞாபகப்படுத்து. திரும்பி இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரிலேயே வரட்டும். செம்மேட்டுக்கு வந்து அறையில் பையை வைத்துவிட்டு அன்றைக்கு மாசிலா அருவி போதும். அங்கே படிகள் குறைவு, தண்ணீரும் மிரட்டாது. மறுநாள் காலையில் ஆகாய கங்கை. அதற்கு அடுத்த நாளை ஒன்றும் வைக்காமல் காலியாக விடு. படி இறங்கின வலி அன்றைக்கே தெரியாது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் கெண்டைக்காலும் தொடையும் பிடித்துக்கொள்ளும். நாங்கள் மறுநாளே பெரியம்மா வீட்டு விருந்துக்குப் போய், தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாமல் தவித்தோம்.

இனி நகை, உடை. சங்கிலி, நெக்லஸ், கல் வைத்த கம்மல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கயிற்றை உள்ளாடையோடு சேர்த்து ஒரு சேஃப்டி பின் குத்திக்கொள், அருவியின் வேகத்தில் கயிறு முகத்துக்கு மேலே வந்துவிடுகிறது. மெட்டி பற்றி யாருமே சொல்வதில்லை. இறங்க இறங்கக் கால் வீங்கும், புது மெட்டி ஷூவுக்குள் பக்கத்து விரலைக் கடிக்கும். மெட்டியின் மேல் மெல்லிய துணிப் பிளாஸ்திரி ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் சாக்ஸ் போடு. கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு வேண்டவே வேண்டாம். பிடிப்புள்ள பழைய ஷூதான் நல்லது, படிகளில் பாசி உண்டு. சேலையும் கனமான காட்டன் சுடிதாரும் நனைந்தால் இரண்டு கிலோ கூடிவிடும். சீக்கிரம் காய்கிற, அடர்ந்த நிறத்து உடை போடு. கீழே உடை மாற்ற இடம் கிடைக்கும் என்று நம்பி இறங்காதே.

மாதவிலக்கு நாளைக் கணக்குப் பார்த்துத் தேதி வை. கணக்கு தப்பினால் மாசிலா அருவியோடு நிறுத்திக்கொண்டு ஆகாய கங்கையை விட்டுவிடு. அதைத் தம்பியிடம் நேராகச் சொல். வழியில் ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பெண்கள் செய்கிற தப்பு. மேலேயே கழிவறைக்குப் போய்விட்டு இறங்கு, தண்ணீரைக் குறைக்காதே.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான் கண்ணு. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒருவருக்கு முன்னால் ஒருவர் களைப்பைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். உங்க மாமா அன்று காலையில் வளைவுகளில் வாந்தி வந்துவிடக் கூடாது என்று ஒன்றும் சாப்பிடவில்லை, அதை என்னிடம் சொல்லவும் இல்லை. எனக்கு இறங்கும்போதே முட்டி வலித்தது, நானும் சொல்லவில்லை. குளித்துவிட்டு ஏறினோம். பாதிப் படி தாண்டியதும் அவர் சட்டென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை, உதடு நடுங்கியது. எனக்கு அவர் உடம்பைப் பற்றி என்ன தெரியும்? சர்க்கரை உண்டா, வீசிங் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா, ஒன்றும் தெரியாது. படியோரம் எலுமிச்சை விற்ற ஒரு பாட்டிதான் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கரைத்து வாயில் வைத்தார். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்த அரை மணி நேரம் நான் நடுங்கியதை இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே கிளம்புவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து பேசிவிடுங்கள். முட்டி, மூச்சு, தலைசுற்றல், பழைய அடி, தினசரி மாத்திரை, எதையும் விடாதீர்கள். ஒரு ஒப்பந்தமும் செய்துகொள்ளுங்கள். 'உட்காரலாம்' என்று யார் சொன்னாலும் இரண்டு பேரும் உட்கார வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. யார் மெதுவாக நடக்கிறார்களோ அவர் முன்னால் போகட்டும். ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள்.

பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு துண்டு, ஜிப் கவரில் போன் இருந்தால் போதும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிப் போட்டுக் கலக்கு. கையில் பிளாஸ்டிக் கவரைத் தொங்கவிட்டுப் போகாதே, குரங்கு பிடுங்கிவிடும். பணமாகவும் கொஞ்சம் வைத்துக்கொள், மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

காலையில் திறந்ததுமே இறங்கிவிடுங்கள். புரட்டாசியில் காலை வெயிலாக இருக்கும், பிற்பகலில் இடி மழை கூடும். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்கிற மழை ஆற்றோடு இறங்கி வரும். தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, துண்டு செருப்பைக்கூட எடுக்க நிற்காமல் படிக்கு ஏறிவிடு. நேராக விழுகிற தாரைக்கு அடியில் தலையைக் கொடுக்காதே. 300 அடியிலிருந்து ஒரு கூழாங்கல் சேர்ந்து வந்தாலும் மண்டை உடையும். ஓரத்துச் சாரலே போதும், நின்றாலே மூச்சு முட்டும். போட்டோவுக்காகக் கம்பியைத் தாண்டிப் பாறையில் ஏற வேண்டாம் என்று தம்பியிடமும் சொல். அவர் கேட்காவிட்டால் அக்கா சொன்னாள் என்று சொல்.

இறங்கும்போது நேராகக் குதிக்காமல் கொஞ்சம் சாய்வாக, படிக்குப் படி குறுக்கே வைத்து இறங்கு, முட்டி தாங்கும். ஏறும்போது முழுப் பாதத்தையும் படியில் வை.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். பாறையில் படர்கிற கிழங்கு, மிளகு தட்டிப் போட்டு ஆட்டுக்கால் சூப் மாதிரியே காய்ச்சுவார்கள். சுத்த சைவம், புரட்டாசி விரதத்துக்கும் குற்றமில்லை. முட்டி வலிக்கு நல்லது என்பார்கள். எனக்கு அந்தச் சூடு ஒன்றே போதுமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு டம்ளர் குடியுங்கள். பிறகு கோயிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஈர உடை அங்கேயே பாதி காய்ந்துவிடும். செம்மேட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் முதலில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, அப்புறம் எனக்கு.