மணலிற் புதைந்த பொறி

பழைய மோட்டார் வண்டியொன்று செப்பமிடப்பட்டு நம் முன் நிற்குமாயின், அதன் பளபளப்பைக் கண்டு வியந்து அகல்வோரே பலர். அதனுள் இருக்கும் பொறி எங்குப் பிறந்தது, யார் யார் கைப்பட்டது, அதன் எப்பகுதி பழையது, எப்பகுதி புதியது என்று வினவுவோர் மிகச் சிலரே. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய என் போன்றவர்க்கு இவ்வினா புதியதன்று. மூலம் எது, பின்வந்தோர் திருத்தியது எது, செல்லரித்த இடத்தை ஒருவர் தம் கருத்தால் நிரப்பியது எது என்று பிரித்தறிவதே எங்கள் தொழில். அவ்வகை ஆய்வுக்கு இடந்தரும் வண்டியொன்று வேல்ஸ் நாட்டில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பெயர் பாப்ஸ்.

பாப்ஸின் பொறி தரையில் ஓடுவதற்கென்று பிறந்ததன்று. 1917 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்கா முதல் உலகப் போரிற் புகுந்தது. அந்நாட்டிற்கு அப்பொழுது வலிமை மிக்க விமானப் பொறிகள் பெருந்தொகையாக வேண்டியிருந்தன. மே மாத இறுதியில் ஜெசி வின்சென்ட், எல்பர்ட் ஹால் என்னும் பொறியாளர் இருவர் வாஷிங்டன் நகரத்து விடுதியொன்றில் ஒருங்கமர்ந்தனர். ஐந்தே நாட்களில் புதிய பொறியொன்றின் வரைபடங்களை ஆக்கி முடித்தனர். அதுவே 'லிபர்ட்டி' என்று பெயர் பெற்றது. பன்னிரண்டு சிலிண்டர்கள், வரிசைக்கு ஆறாக இரு வரிசையிற் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரும் ஐந்து அங்குலக் குறுக்களவு உடையது. அதனுள் பிஸ்டன் ஏழு அங்குலம் ஏறியிறங்கும். பன்னிரண்டின் கொள்ளளவையும் கூட்டினால் 27 லிட்டர் வரும். ஆற்றலோ ஏறத்தாழ 400 குதிரைத் திறன்.

இப்பொறியைச் செய்தது ஒரு தொழிற்சாலை அன்று. பாக்கார்டு, லிங்கன், ஃபோர்டு முதலிய பல நிறுவனங்கள் ஒரே வரைபடத்தைக் கொண்டு 20,000க்கும் மேற்பட்ட பொறிகளைச் செய்தன. ஓரிடத்திற் செய்த உறுப்பு வேறோரிடத்திற் செய்த பொறியிலும் பொருந்துமாறு அளவுகள் வரையறுக்கப்பட்டிருந்தன. போர் ஓய்ந்தபின் இப்பொறிகள் பல வேறு வேறு பணிகளுக்குச் சென்றன.

அவற்றுள் ஒன்று இங்கிலாந்தில் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்னும் செல்வரின் கையை அடைந்தது. கான்டர்பரி நகருக்கு அண்மையிலுள்ள ஹைகாம் மாளிகை அவருடையது. விமானப் பொறிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றி ஓட்டுவதில் அவர்க்குத் தீராத வேட்கை. லிபர்ட்டிப் பொறியோடு, பென்ஸ் பந்தய வண்டியொன்றின் பற்சக்கரப் பெட்டியை இணைத்து, சங்கிலிகளாற் பின்சக்கரங்களைச் சுழலச் செய்தார். ஆயின் அவ்வண்டியின் முழு ஆற்றலையும் காண அவர்க்கு வாய்க்கவில்லை. 1924 இல் இத்தாலியின் மான்சா பந்தயத்தில் வேறொரு வண்டியை ஓட்டியபோது உயிர் துறந்தார்.

அவர் விட்டுச்சென்ற வண்டியை 125 பவுன் கொடுத்து வாங்கியவர் பாரி தாமஸ். வேல்ஸ் நாட்டில் பிறந்த அவர், லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராயிருந்தவர். பிறர் செய்ததை அப்படியே ஓட்டும் இயல்பினர் அல்லர். பொறியைப் பிரித்துத் தாமே வகுத்த பிஸ்டன்களை அமைத்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டர்கள் நான்கினைப் பொருத்தினார். வண்டிக்குப் பாப்ஸ் என்று பெயரிட்டவரும் அவரே. 1926 ஏப்ரல் 28 ஆம் நாள், பெண்டைன் என்னும் கடற்கரையின் இறுகிய மணலில் மணிக்கு 171 மைல் வேகத்தில் அதனை ஓட்டி உலக வேகச் சாதனையை நிலைநாட்டினார்.

அச்சாதனை ஓராண்டும் நிற்கவில்லை. 1927 பிப்ரவரியில் மால்கம் காம்பெல் அதே கரையில் 174 மைலைக் கடந்தார். இழந்ததை மீட்கும் பொருட்டு மார்ச் 3 ஆம் நாள் தாமஸ் மீண்டும் பெண்டைனில் பாப்ஸை ஓட்டினார். பெருவேகத்திற் சென்ற வண்டி நிலைகுலைந்து உருண்டது, தாமஸ் மாண்டார். தரைவேகச் சாதனை முயற்சியில் உயிர் நீத்த முதல் ஓட்டுநர் அவரே. விசாரணை முடிந்தபின் வண்டியை அக்கரை மணலிலேயே புதைத்துவிட்டனர்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1969 இல் பேங்கர் நகரத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன் என்பவர் உரிய இசைவு பெற்று அவ்விடத்தைத் தோண்டினார். இறந்தோன் நினைவாகப் புதைத்ததை மீண்டும் எடுத்தல் முறையாகுமோ என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆயின் தாமஸின் உடல் அங்கில்லை. அது பைஃப்ளீட் என்னும் ஊரில் அடக்கம் பெற்றுள்ளது. மணலடியில் இருந்தது அவர் கைவினை மட்டுமே. அது துருவேறி அழிவதனால் அவர்க்கு என்ன பெருமை?

உப்புநீர் உடற்தகட்டைப் பெரிதும் தின்றிருந்தது. உப்புநீரிற் கிடக்கும் இரும்பு துருவேறும் என்பதை யாவரும் அறிவர். அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்திருப்பின், அலுமினியம் விரைந்து அரிக்கப்படும் என்பதைப் பலர் அறியார். லிபர்ட்டிப் பொறியிலோ சிலிண்டர்கள் எஃகு. அவற்றைத் தாங்கும் பெட்டி அலுமினியம். ஆதலின் இத்தகைய பொறியை மீட்பது எளிய செயலன்று. ஓவன் அப்பணியில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார்.

இங்கேதான் சுவடி பதிப்பிப்போர்க்கு எழும் ஐயம் எழுகின்றது. எந்த நிலைக்கு வண்டியைத் திருப்புவது? 1917 இன் வரைபடத்தில் உள்ளவாறு பொறியை அமைக்கலாம். ஸ்போரோவ்ஸ்கி கட்டிய கோலத்தில் வண்டியை நிறுத்தலாம். முன்னையதே தூயது என்று கொள்வோரும் உளர். ஓவன் தாமஸின் கோலத்தையே மேற்கொண்டார். அதுவே சரியென்பது என் துணிபு. தாமஸ் செய்த மாற்றங்கள் பிழைபட்ட பாடங்கள் அல்ல; பாப்ஸைப் பாப்ஸ் ஆக்கியவை அவையே. அவற்றை நீக்கினால் எஞ்சுவது ஆயிரக்கணக்கான லிபர்ட்டிகளுள் மற்றுமொன்றே.

வண்டியை வெளியே எடுத்ததனால் வேறொரு பயனும் விளைந்தது. அறுந்த சங்கிலி தலையில் தாக்கியே தாமஸ் இறந்தார் என்று நெடுங்காலம் யாவரும் நம்பி வந்தனர். பல நூல்களும் அவ்வாறே எழுதின. அதாவது, அவர் அமைத்து ஓட்டிய வண்டியின் உறுப்பே அவரைக் கொன்றது என்பது அக்கதை. மீட்ட வண்டியை நேரிற் கண்டு ஆராய்ந்த பின்னர் அக்கூற்று நிலைக்கவில்லை. வண்டி உருண்டபோது தலையில் ஏற்பட்ட காயமே சாவுக்குக் காரணமாயிருக்கலாம் என்று இப்பொழுது கருதுகின்றனர். மணலிலேயே விட்டிருந்தால் இவ்வுண்மையும் அங்கேயே கிடந்திருக்கும்.

செப்பமுற்ற பொறி மீண்டும் முழங்கிற்று. மக்கள் முன்னிலையில் பாப்ஸ் ஓடியும் காட்டிற்று. அது புதையுண்டு கிடந்த பெண்டைனில் வேகச் சாதனைகளுக்கென ஒரு காட்சிசாலையும் எழுந்தது. அங்குச் சென்றோர் தாமஸின் வண்டியையும், அது ஓடிய மணற்பரப்பையும் ஒருங்கே கண்டதுண்டு.