சீரியல் பார்ப்பவர்களைப் படிக்கும் படிப்பு

கேள்வி: தேனி மாவட்டத்தில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேலே எம்.ஏ. மீடியா அண்ட் கல்ச்சுரல் ஸ்டடீஸ் படிக்க ஆசை. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு (டிஸ்) விண்ணப்பிக்க நினைக்கிறேன். மாமா, “அதுக்கு விஸ்காம் சேர்ந்தா கேமராவாவது பிடிக்கத் தெரியும்” என்கிறார். அப்பாவோ, “உங்க அம்மா சீரியல் பாக்குறதைப் படிக்க மும்பைக்குப் போகணுமா?” என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள், மேடம்? வேலை கிடைக்குமா?

– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லலாம். ஆமாம், அம்மா சீரியல் பார்ப்பதைப் படிப்பதும் இந்தத் துறையில் அடக்கம். அதைப் படித்து உலகம் மதிக்கும் நூல்களை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

பூர்ணிமா மன்கேகர் என்ற மானுடவியலாளர் டெல்லியில் நடுத்தர, உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், பெண்களோடு உட்கார்ந்து தூர்தர்ஷன் தொடர்களைப் பார்த்தார். பார்த்த பிறகு அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார். ‘மகாபாரதம்’ தொடரில் திரௌபதியின் துகில் உரியப்படும் காட்சியை அந்தப் பெண்கள் புராணக் கதையாக மட்டும் பார்க்கவில்லை. சொந்த வீட்டிலும் தெருவிலும் தங்களுக்குப் பாதுகாப்பில்லாத நிலையை அதில் கண்டு கோபத்தோடு பேசினார்கள். தொடரை எடுத்தவர் என்ன நினைத்து எடுத்தார் என்பதை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த ஆய்வு 1999-இல் நூலாக வந்தது.

இந்த வழியைத் திறந்துவிட்டது இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் ரிச்சர்ட் ஹாகர்ட் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம். அவருக்குப் பின் அதை நடத்திய ஸ்டூவர்ட் ஹால் ஜமைக்காவில் பிறந்தவர். ஒரு நிகழ்ச்சியில் வைத்து அனுப்பப்படும் அர்த்தமும், அதைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தமும் ஒன்றாக இருந்தாக வேண்டியதில்லை என்று 1973-இல் அவர் எழுதினார். பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசலாம், முற்றாக எதிர்த்தும் படிக்கலாம். டேவிட் மோர்லி இதைச் சோதித்துப் பார்த்தார். பிபிசியின் ‘நேஷன்வைட்’ நிகழ்ச்சியை வங்கி மேலாளர்கள், தொழிற்சங்கத்தினர், மாணவர்கள் என 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரே நிகழ்ச்சியைக் குழுவுக்குக் குழு வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள். கறுப்பின மாணவர்கள் சிலருக்கோ அது தங்களைப் பற்றியதாகவே படவில்லை. இத்தனை செய்த மையத்தைப் பல்கலைக்கழகம் 2002-இல் மூடிவிட்டது. எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

நம் ஊருக்கு வருவோம். நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய ‘தி இமேஜ் ட்ராப்’. எம்.ஜி.ஆர். ஆட்சியின் வரிச்சுமை ஏழைகள் மேல்தான் அதிகம் விழுந்தது, அந்த ஏழைகளே அவரைக் கொண்டாடினார்கள். இது எப்படி என்பது பாண்டியனின் கேள்வி. ‘மக்கள் ஏமாந்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டு நகர அவருக்கு மனமில்லை. படகோட்டியாக, விவசாயியாக, ரிக்‌ஷாக்காரனாக வந்த எம்.ஜி.ஆரின் வேடங்களையும், அவரைப் பற்றி மலிவு விலையில் விற்ற வாழ்க்கைக் கதைகளையும் எடுத்துவைத்துப் படித்தார். எந்தப் பேராசிரியரும் நூலகத்தில் சேர்த்துவைக்க நினைக்காத தாள்கள் அவை. எளிய மக்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்ததும் சான்றுதான் என்று எடுத்துக்கொள்கிற அந்தத் துணிவுக்காகவே இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்கும். பாண்டியனின் முடிவுகளோடு நீங்கள் சண்டை போடலாம், போட வேண்டும். சினிமாவுக்கு அவர் தரும் பலம் கொஞ்சம் கூடுதல் என்றே எனக்கும் படுகிறது.

ஆங்கிலத்தில் தொடங்கத் தயக்கமாக இருந்தால் தமிழிலேயே தொடங்குங்கள். தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’, ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’, தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’ மூன்றும் போதும். இவற்றைக் கீழே வைக்க மனமில்லாமல் படித்தீர்களானால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும்.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விஸ்காமில் கேமரா, எடிட்டிங், வடிவமைப்பு எனக் கையில் ஒரு தொழில் பழகும். நீங்கள் கேட்கும் படிப்பில் வாசிப்பும் எழுத்தும்தான் பெரும்பங்கு. வாராவாரம் கடினமான ஆங்கிலக் கட்டுரைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டிஸ்ஸில் கோட்பாட்டோடு ஆவணப்படம் எடுக்கவும் பழக்குகிறார்கள் என்பதால் மாமாவின் கவலைக்கு அங்கே பாதி பதில் உண்டு. எங்கே சேர்ந்தாலும் ஒரு கைத்தொழிலைக் கூடவே கற்றுக்கொள்ளுங்கள்: ஒலிப்பதிவு, எடிட்டிங், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, எதுவானாலும் சரி.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தின் பெயரைப் போட்டு ஆள் எடுக்கும் விளம்பரம் அபூர்வம். படித்தவர்கள் பத்திரிகை, ஆவணப்பட ஆய்வு, விளம்பர நிறுவனங்களின் நுகர்வோர் ஆய்வு, தொண்டு நிறுவனங்களின் தகவல் தொடர்பு என்று பல வாசல்களில் நுழைகிறார்கள். கல்லூரி ஆசிரியர் ஆக நினைத்தால் மட்டும் சேரும் முன்பே ஒன்றை விசாரித்துவிடுங்கள். அதற்கான தகுதித் தேர்வான நெட்டில் இதழியல் ஒரு தனிப் பாடம். ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலும் பண்பாட்டு ஆய்வு ஓர் அலகாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் எம்.ஏ.யை எந்தப் பாடத்துக்கு இணையாக ஏற்பார்கள் என்பது வேறு கேள்வி. அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், அம்மா பார்க்கும் சீரியல் நேரத்தில் கூட உட்காருங்கள். திரையை விட்டுவிட்டு அம்மாவைக் கவனியுங்கள். எந்த இடத்தில் திட்டுகிறார், எந்த இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போகிறார், பக்கத்து வீட்டு அக்காவிடம் மறுநாள் கதையை எப்படி மாற்றிச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எதற்காகக் குறிக்கிறீர்கள் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆய்வில் அந்த மரியாதை முக்கியம். அதிலிருந்து நான்கு பக்கம் எழுதி, முதலில் அப்பாவிடம் படிக்கக் கொடுங்கள். நுழைவுத் தேர்வு முறை, கட்டணம், விடுதி, உதவித்தொகை ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் நிறுவனத்தின் இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துச் செலவுக் கணக்கையும் அதோடு சேர்த்து அப்பா முன் வையுங்கள். மும்பை செலவு தாங்காது என்று தெரிந்தால், நம் மாநிலத்திலேயே ஓர் ஆங்கில அல்லது இதழியல் எம்.ஏ.யில் சேர்ந்து, ஆய்வேட்டுக்கு இந்தச் சீரியல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இசையும் வழிகாட்டி இருக்கிறாரா என்று சேரும் முன்பே அந்தத் துறைக்குப் போய்க் கேளுங்கள்.