ஹெட்போனுக்குள் பெய்த மழை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரேம் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். "எட்டு ஜிபி எல்லாம் இந்தக் காலத்துல எந்த மூலைக்குண்ணா?" என்று கோவையிலிருந்து வந்த தம்பி ஒருவன் சொன்னான். அதை நம்பி நாலாயிரத்து ஐநூறு ரூபாய் போட்டு பதினாறாக்கினேன். முன்பு எட்டு ஜிபியில் திக்கிய பாட்டு பிறகு பதினாறு ஜிபியில் திக்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வேலை ப்ராசஸரைத் தின்கிற வேலை. ரேமுக்கு அதில் பெரிய பங்கில்லை. அந்தத் தம்பி இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்), வீட்டின் பின்னறைச் சுவரில் கம்பளியை ஆணியடித்து மாட்டி ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் இப்படி ஒரு பின்னறையும் பழைய லேப்டாப்பும் வைத்திருப்பவர்தான் என்று நினைத்தே எழுதுகிறேன். படுகக் கல்யாணத்துக்கு ஒரு ஆட்டப் பாட்டு கேட்டு வந்தார்கள். கோத்தர்களின் ‘கொள்’ குழல், தப்பட்டை, கைதட்டல், கோரஸ் குரல்கள், கீபோர்டு என்று 14 ட்ராக். டெம்போ 100 என்று பேசி, 100இலேயே அவற்றின் ரெக்கார்டிங்கும் முடிந்தது.

அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் ஆடிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மந்தமா இருக்குண்ணா, 106 வைங்க" என்றார். மறுநாள் 104. அதற்கடுத்து 108. கடைசியில் மறுபடியும் 106. எனக்கென்ன கஷ்டம்? நான் வைத்திருக்கும் ரீப்பர் மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் 14 ட்ராக்கும் தானே சுருங்கி நிற்கிறது. அவர் எதிரிலேயே மாற்றிக் காட்டினேன். அந்தப் பெருமைக்குத்தான் பின்னால் விலை கொடுத்தேன்.

பழைய டேப்பில் வேகம் கூடினால் சுருதியும் கூடவே ஏறும். சுருதி நிற்க வேகம் மட்டும் ஏற வேண்டுமென்றால், ஒலியைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி அடுக்கி, ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாமல் பூச வேண்டும். 1966இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளானகனும் கோல்டனும் வெளியிட்ட ‘ஃபேஸ் வொக்கோடர்’ இந்த வித்தையின் பாட்டன்களில் ஒன்று. ட்ராக் ஒன்றுக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள், அதுபோல 14 ட்ராக். ஒவ்வொரு தடவை ப்ளே அழுத்தும்போதும் அத்தனையையும் முதலிலிருந்து செய்கிறது. நேற்று செய்தது அதற்கு ஞாபகமில்லை.

அந்த நிலையில்தான், பாக்கியிருந்த முக்கியக் குரலுக்காக ஒரு பாட்டியைப் பாட உட்கார வைத்தேன்.

எண்பது தாண்டியவர். தலையில் கட்டிய வெள்ளைத் துணிக்கு மேலேயே ஹெட்போனை மாட்டிவிட்டேன். குரல் தாமதமாகக் கேட்டால் தடுமாறுவாரே என்று பஃபரை 128 மாதிரிகளுக்கு இறக்கினேன். அப்படியென்றால் சுமார் மூன்று மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ப்ராசஸர் கணக்கை முடித்துக் கொடுத்தாக வேண்டும். 14 ட்ராக்கையும் இழுத்துக்கொண்டிருக்கும் ஏழை லேப்டாப்பிடம் இதைக் கேட்கிறேன். பாதிப் பாட்டில் பாட்டி ஒரு பக்க ஹெட்போனைத் தூக்கி, "வெளியே மழை பெய்யுதா?" என்று கேட்டார். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் ஜன்னலைப் பார்த்தேன். நல்ல வெயில். "அது ஹெட்போன்ல மட்டும்தான், நீங்க பாடுங்க" என்றேன்.

ஹெட்போனில் மட்டும் இல்லை. ப்ராசஸர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ரெக்கார்டிங்கும் அறுந்திருந்தது. வெறும் ப்ளேபேக்கில் சடசடத்தால் பரவாயில்லை, கடைசியாக ரெண்டர் பண்ணும்போது கம்ப்யூட்டர் தன் நேரத்தை எடுத்துக்கொண்டு சுத்தமாகக் கொடுத்துவிடும். ரெக்கார்டு ஆகும்போது விட்டுப்போனது போனதுதான். இரவு கேட்டபோது குரலில் 37 இடத்தில் ‘டிக்’. பாட்டி அடுத்த நாளே பெங்களூரில் பேத்தி வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்துத் தேய்த்தேன். ஒரு சொல்லில் பாதி எழுத்தே இல்லை. மூன்றாம் சரணத்திலிருந்து அதே எழுத்தை வெட்டி ஒட்டினேன்.

அன்று செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்னது. 14 ட்ராக்கையும் ஒரே ஸ்டீரியோ ஃபைலாக ரெண்டர் பண்ணி, புதிய ப்ராஜெக்டில் போட்டு, அதைக் கேட்க வைத்துப் பாட வைத்திருக்கலாம். நாலு நிமிஷ வேலை. இப்போது யாருக்குக் குரல் எடுத்தாலும் அப்படித்தான்.

மற்றதெல்லாம் சில்லறை. டெம்போ முடிவானதும் ரீப்பரில் எல்லா க்ளிப்பையும் ‘புதிய டேக்’ ஆக ரெண்டர் பண்ணிவிடுங்கள். பழைய டேக் அடியிலேயே இருக்கும், பயம் வேண்டாம். ஏபிள்டன் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃப்ரீஸ் செய்யலாம். அவர்களுடைய கையேடே ‘காம்ப்ளெக்ஸ்’ என்ற இழுப்பு முறை மற்றவற்றைவிடச் சுமார் பத்து மடங்கு ப்ராசஸரைக் கேட்கும் என்கிறது. கீபோர்டை மிடியாகவே விட்டுவைத்தால் இழுக்கவே வேண்டியதில்லை. நான் அவசரப்பட்டு ஆடியோவாக்கித் தொலைத்தேன். ரீப்பரின் ‘எலாஸ்டிக் ப்ரோ’ இழுப்பு முறை குரலுக்கும் குழலுக்கும் மட்டும் போதும். மிக்ஸிங்கில் பஃபர் 1024. கரண்ட் போய் பேட்டரியில் ஓடினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் மலையில் மழைக்காலத்தில் இதை மறக்கவே கூடாது. சூடேறினாலும் அப்படித்தான் குறைத்துக்கொள்ளும். ‘ஊட்டிக் குளிருக்கு லேப்டாப் சூடே ஆகாதே’ என்கிறவர்கள் ஒரு நாள் வந்து தொட்டுப் பார்க்கட்டும்.

தப்பட்டை விஷயத்தில் மட்டும் என்னைத் திட்டியவர்கள் உண்டு. அந்த ட்ராக்கில் ‘சுருதி காக்க’ என்ற கட்டத்தின் டிக் குறியை நான் எடுத்துவிட்டேன். 100லிருந்து 106க்குப் போனால் சுருதி அரைக் கட்டை ஏறும், ப்ராசஸருக்குச் சுமையே இல்லை. "வாத்தியத்தோட சத்தமே மாறுதே" என்றார் ஒருவர். பனியில் தொய்ந்த தோலைத் தீயில் காட்டி அடித்தால் எவ்வளவு ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

குழலை அடிக்கு அடி இழுத்து நேராக்கும் வேலையையும் விட்டேன். கோத்தர் இசையைப் பற்றி 2005இல் நூல் எழுதிய ரிச்சர்ட் வுல்ஃப், குழலும் தாளமும் சில புள்ளிகளில் சந்தித்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறார். நடுவில் குழல் தன் போக்கில் போகும். அதைக் கட்டத்துக்குள் அடைக்க நான் மெனக்கெட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீண்.

கல்யாணத்தன்று பாட்டு ஓடியது, வட்டம் கட்டி ஆடினார்கள். டீயை வாங்கிக்கொண்டு ஸ்பீக்கர்காரர் பக்கம் போனேன். மாப்பிள்ளை வீட்டு அண்ணன் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் தன் லேப்டாப்பில் சுருதி மாறாமல் வேகத்தை இன்னும் நாலு கூட்டினார். என்னுடையதைவிடப் பழைய லேப்டாப். திக்கவேயில்லை. அதில் ஓடியது ஒரே ஒரு ஸ்டீரியோ ஃபைல்.