அரைத்த மாவையே அரைக்கும் மனதுக்குச் சில குறிப்புகள்

படுக்கையில் சாய்ந்ததும், “காலையில் அவர் ஏன் அப்படிப் பேசினார், நான் ஏன் வாயடைத்து நின்றேன்” என்று மனம் சுற்றிச் சுற்றி வருகிறதா? என் சுபாவமே இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ, அதற்கேற்ப மூளை தன் நரம்பணு இணைப்புகளை மாற்றிக்கொள்கிறது. இதற்குத்தான் நியூரோபிளாஸ்டிசிட்டி என்று பெயர். லண்டனில் டாக்சி உரிமம் வாங்க ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டில் எலனோர் மகுவயர் குழுவினர் அந்த ஓட்டுநர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. தெருக்களைப் பழகுவதுபோலவே மூளை கவலையையும் பழகிக்கொள்ளும் என்பதுதான் சங்கடம்.

1. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். கவலை எப்போது, எதைத் தொட்டுக் கிளம்புகிறது என்று மட்டும் பால் கணக்கு எழுதும் காலண்டரில் ஒரு வரி குறியுங்கள். “இரவு 10 மணி, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் குரூப் பார்த்த பிறகு” என்பதுபோல. இந்த ஒரு வரி பின்னால் மிகவும் உதவும்.

2. “நினைக்கவே கூடாது” என்று மல்லுக்கட்டாதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களே அதிகம் நினைத்தார்கள். “கவலை வந்திருக்கிறது” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு கைவேலையைத் தொடருங்கள்.

3. கவலைக்கென்று தினமும் ஒரே இடம், ஒரே அரைமணி ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1983-இல் சொன்ன வழி இது. மற்ற நேரத்தில் வரும் கவலையைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்த வேளைக்கு ஒத்திப் போடுங்கள். கட்டில் மட்டும் அந்த இடமாக வேண்டாம். படுத்தாலே கவலைப்படுவது என்று மூளை முடிச்சுப் போட்டுவிடும். நான் மாலைக் காபிக்குப் பிறகு கொல்லைப்புறத் திண்ணையில் உட்காருவேன். எழுதி வைத்ததில் பாதிச் சீட்டைப் படிக்கும்போது, இதற்கா இவ்வளவு என்று இருக்கும். மீதிப் பாதிக்கு நிஜமாகவே ஏதாவது செய்தாக வேண்டும். அதைச் செய்ய மாலை வெளிச்சத்தில் தெம்பும் இருக்கும்.

4. காலண்டரில் குறித்த வரிகளைப் பார்த்து, பழைய கவலைச் சுற்று கிளம்பும் அதே இடத்தில் வேறொரு வேலையை முன்கூட்டியே நட்டு வையுங்கள். “இனி கவலைப்பட மாட்டேன்” என்ற சபதத்துக்கு வலு இல்லை. “விளக்கை அணைத்ததும் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால், நாளைய சமையலை மனதுக்குள் கடுகு தாளிப்பதிலிருந்து செய்து பார்ப்பேன்” என்று இன்னது நடந்தால் இன்னது செய்வேன் எனச் சொல்லி வையுங்கள். பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில், இப்படி நேரமும் இடமும் குறித்து முடிவெடுத்தவர்களே அதிகம் செய்து முடித்தார்கள். மாற்று வேலை கைக்கு அடக்கமாக, சின்னதாக இருக்கட்டும்.

5. இருபத்தொரு நாளில் பழக்கம் மாறிவிடும் என்பதை நம்பி மனம் உடைந்தவர்கள் நிறைய. அறுவைசிகிச்சையால் மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற டாக்டர் 1960-இல் எழுதியதுதான் இப்படித் திரிந்தது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. அவர்கள் பழகியது சாப்பாடு, தண்ணீர், நடை போன்ற எளிய காரியங்கள். மனப்பழக்கத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று எனக்கு மிகவும் ஆறுதல்: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை.

6. பகலில் பழகியதை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். நல்ல தூக்கத்துக்குத் தினமும் கொஞ்சம் நடையும் சேரட்டும்.

7. பழைய சுற்று அழிவதில்லை. புதியது அதன்மேல் படிகிறது, அவ்வளவே. காய்ச்சலிலோ, கல்யாண வேலையிலோ, கடன் நெருக்கடியிலோ பழையது தலைகாட்டும். அப்போது ‘எல்லாம் வீண்’ என்று தன்னைத் திட்டிக்கொள்வதும் ஒரு சுற்றுதான். அன்றைக்கு நான்காவது குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.

8. பூட்டை இழுத்துப் பார்ப்பதிலும் கை கழுவுவதிலும் மணிக்கணக்காகப் போகிறதென்றால், வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லையென்றால், வீட்டுக் குறிப்புகளோடு நிற்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பூட்டு, கைகழுவல் என்று சுழலும் எண்ணச்சுழல் நோய்க்கு (ஓ.சி.டி.) நடத்தைச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களின் மூளை இயக்கமே மாறியிருந்ததை ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் குழுவினர் 1996-இல் பெட் ஸ்கேனில் கண்டார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.