புழுத்துளை வழியே செல்ல இயலுமா?

கேள்வி: புழுத்துளை வழியாக ஒரு நட்சத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நொடிப்பொழுதில் சென்றுவிடலாம் என்கிறார்களே, இதற்குப் பௌதிக சாஸ்திரத்தில் ஆதாரம் உண்டா?

பதில்: ஆதாரம் உண்டு, ஆனால் அது கணித ஆதாரமேயன்றிப் பிரத்தியட்சப் பிரமாணம் அன்று. 1935-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் பொதுச் சார்பியல் தத்துவத்தின் சமன்பாடுகளிலிருந்து, வெளியின் இரு பிரதேசங்களை இணைக்கும் ஒரு பாலத்தை, அதாவது புழுத்துளையைக் கண்டெடுத்தனர் எனினும், அப்பாலம் ஒளிக்கதிர்கூடக் கடந்து முடிப்பதற்குள் குறுகி அறுந்துபோகும் இயல்புடையது என்பதை 1962-இல் ஃபுல்லரும் வீலரும் நிரூபித்தனர்.

பின்னர், கார்ல் சேகன் தம் நாவலுக்காகக் கேட்ட ஐயமே தூண்டுகோலாக அமைய, கிப் தார்னும் அவருடைய மாணவர் மைக்கேல் மாரிஸும், மனிதர் உயிருடன் கடக்கத்தக்க புழுத்துளை எத்தகைய லட்சணங்கள் உடையதாக இருத்தல் வேண்டும் என்று ஆராய்ந்து, 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், அதன் கழுத்து மூடிவிடாமல் தாங்கி நிற்கச் சாதாரணப் பொருள் எதுவும் உதவாது, சூனியத்தினும் குறைந்த சக்தியே, அதாவது எதிர்ச்சக்தியே வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர்.

அத்தகைய சக்தி வெறும் கற்பனையன்று; மிக நெருங்கி நிற்கும் இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று காசிமிர் 1948-இல் கணித்த விசை, அச்சக்தியின் அடையாளமாகப் பரிசோதனைகளில் அளக்கப்பட்டிருக்கிறது. எனினும் அதன் அளவு அற்பம். குவாண்டம் விதிகளும் அதைக் கடுமையாக வரையறுக்கின்றன. அவ்விதிகளை மீறாமல் 2018-இல் மால்டசேனாவும் அவருடைய சகாக்களும் கணிதத்தில் அமைத்துக்காட்டிய புழுத்துளையோ, அதற்கு வெளியே உள்ள பாதையில் செல்வதைவிடக் கடப்பதற்கு அதிக காலம் பிடிப்பதாகவே அமைகிறது.

ஆகவே, அதைக் குறுக்குவழி என்று நம்புவதற்கு இன்று இடமில்லை. பிரபஞ்ச விதிகளைப் பரீட்சிக்கும் உரைகல்லாக அதை மதித்துப் பயிலுங்கள்.