கால்நடை வைத்தியசாலைக் கழிவுகளும் அவற்றைப் பாதுகாப்பாக அகற்றலும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• கால்நடை வைத்தியசாலைக் கழிவுகளை வகைப்படுத்துவீர்கள்.
• ஒவ்வொரு வகைக்கும் உரிய அகற்றல் முறையைக் காரணத்துடன் கூறுவீர்கள்.
• ஊசி குத்திய ஒருவருக்கு உடன் செய்யவேண்டியவற்றை விளக்குவீர்கள்.

அறிமுகம்

உங்கள் ஊரிலுள்ள கால்நடை வைத்தியசாலையை நினைத்துப் பாருங்கள். காலையில் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. மடியழற்சி கண்ட பசுவுக்கு மருந்து செலுத்தப்படுகின்றது. பூனையொன்றுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. மதியமாகும்போது ஊசிகள், குருதி தோய்ந்த பஞ்சு, வெட்டியகற்றிய உறுப்புகள், பாதி மருந்துள்ள குப்பிகள் என்பன எஞ்சுகின்றன. இவையெல்லாம் ஒரே பையில் கட்டப்பட்டு வீதியோரத்தில் வைக்கப்பட்டால், மறுநாள் அப்பையைத் தூக்குபவர் ஒரு சுத்திகரிப்புத் தொழிலாளி. உள்ளே ஊசி இருப்பது அவருக்குத் தெரியாது. அவரைக் காப்பதே இப்பாடத்தின் முதல் நோக்கமாகும்.

1. இக்கழிவுகள் ஏன் ஆபத்தானவை?

விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் பலவுள்ளன. விசர்நோய் வைரசு நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலும் மூளையிலும் காணப்படும். எலிக்காய்ச்சல் பற்றீரியா சிறுநீருடன் வெளியேறும். புரூசெல்லோசிசுப் பற்றீரியா கருச்சிதைவடைந்த பசுவின் நச்சுக்கொடியிலும் திரவங்களிலும் மிகுதியாக இருக்கும். பசுக்களுக்கு ஏற்றப்படும் புரூசெல்லோசிசுத் தடுப்பூசியில் உள்ளதும் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள பற்றீரியாவே. ஆகவே அவ்வூசி தவறுதலாகக் கையிற் குத்தினால் மனிதருக்கும் நோய் ஏற்படலாம்.

கவனிக்க: எயிட்சு, ஈரலழற்சி பீ ஆகியவற்றை இவ்வினாவுக்கு விடையாக எழுதுவது தவறு. அவை மனிதக் குருதி மூலம் பரவுவன. விலங்குகளுக்கு ஏற்றிய ஊசிகளால் பரவுவன அல்ல.

2. வேறுபடுத்தலும் நிறக்குறியீடும்

கழிவு உண்டாகும் இடத்திலேயே அதனை வேறுபடுத்த வேண்டும். 9 கிலோகிராம் சாதாரண குப்பையுடன் 1 கிலோகிராம் தொற்றுக் கழிவு கலந்தால், 10 கிலோகிராமையும் தொற்றுக் கழிவாகவே கருதவேண்டும். எனவே வேறுபடுத்தல் ஆபத்தையும் செலவையும் ஒருங்கே குறைக்கும். இலங்கையில் வைத்தியசாலைகளுக்கென வகுக்கப்பட்ட நிறக்குறியீடு பின்வருமாறு:

• மஞ்சள் – தொற்றுக் கழிவுகள் (குருதி தோய்ந்த பஞ்சு, உறுப்புகள்)
• சிவப்புக் கோடிட்ட மஞ்சள் – கூரிய பொருட்கள்
• கறுப்பு – பொதுக் கழிவுகள்
• பச்சை – உக்கக்கூடிய கழிவுகள்
• சிவப்பு – கண்ணாடி
• நீலம் – கடதாசி
• செம்மஞ்சள் – பிளாத்திக்கு

3. கூரிய பொருட்கள்

பயன்படுத்திய ஊசிக்கு மூடியை மீண்டும் பொருத்தலாகாது. அச்சந்தர்ப்பத்திலேயே விரலிற் குத்தும் ஆபத்து அதிகம். ஊசியை உடனே துளைபடாத, மூடியுள்ள பாத்திரத்தில் இடவேண்டும். பாத்திரம் முக்காற்பங்கு நிரம்பியதும் மூடி முத்திரையிட வேண்டும்.

வீட்டில் மாடு வளர்க்கும் மாணவர்களே, தொழுவத்தில் எஞ்சும் ஊசிகளைக் கூரையிற் செருகவோ சாணக் குவியலில் எறியவோ வேண்டாம். அச்சாணம் பசளையாகத் தோட்டத்துக்குச் செல்லும். வெறுங்காலுடன் அங்கு நடப்பவர் உங்கள் வீட்டாரே. ஊசிகளைத் தடித்த பிளாத்திக்குப் போத்தலில் இட்டு, கால்நடை வைத்தியரிடம் ஒப்படையுங்கள்.

4. பரிகரித்தலும் இறுதி அகற்றலும்

(அ) அமுக்க நீராவி: ஒட்டோகிளேவ் எனும் கருவியில் அமுக்கம் உயர்வதால் நீரின் கொதிநிலையும் உயரும். 121 பாகை செல்சியசு நீராவியில் குறைந்தது 30 நிமிடம் வைக்கும்போது வித்திகளும் அழியும். சாதாரணமாகக் கொதிக்கவைத்தல் இதற்குப் போதாது.

(ஆ) தகன உலை: உடற்பாகங்களும் தொற்றுக் கழிவுகளும் 850 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் எரிக்கப்படும். முற்றத்தில் மூட்டும் தீ இதற்கு ஈடாகாது. குறைந்த வெப்பநிலையில் பீவீசீ பிளாத்திக்கு எரியும்போது ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினும் வெளியேறும். ஊசிகளும் அழியாது சாம்பலில் எஞ்சும்.

(இ) ஆழப் புதைத்தல்: வேறு வசதி இல்லாதவிடத்து, கிணறுகளிலிருந்து குறைந்தது 50 மீற்றர் தூரத்தில், நிலத்தடி நீர்மட்டத்துக்குப் போதிய அளவு மேலே புதைக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கூடிய கவனம் தேவை. அங்குள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக மாசுகள் விரைந்து கிணற்று நீரை அடையும்.

அந்திராக்சு எனச் சந்தேகிக்கப்படும் உடலை வெட்டித் திறக்கலாகாது. காற்றுப் படும்போது பற்றீரியா வித்திகளை உண்டாக்கும்; அவை மண்ணிற் பல்லாண்டுகள் நிலைத்திருக்கும்.

(ஈ) மருந்துக் கழிவுகள்: காலாவதியான நுண்ணுயிர்க்கொல்லிகளை வடிகாலில் ஊற்றினால், எதிர்ப்புத்திறனுள்ள பற்றீரியாக்கள் பெருக வாய்ப்புண்டு. மருந்து ஏற்றப்பட்ட உடலும் ஆபத்தாகலாம். டைக்குளோபினக்கு ஏற்றப்பட்ட மாடுகளின் உடல்களை உண்டதால் தென்னாசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் இறந்தன. இதனால் 2006 இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகியன கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தன.

5. சட்ட ஏற்பாடுகள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், 2008 இல் 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளை உண்டாக்கல், சேகரித்தல், கொண்டுசெல்லல், அகற்றல் ஆகியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவையென அவை விதித்தன. விலங்குகளின் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கு 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் உள்ளது.

6. ஊசி குத்தினால்

• ஓடும் நீரிலும் சவர்க்காரத்தாலும் நன்கு கழுவுக. பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம்.
• மறைக்காது பெரியவரிடம் கூறி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.
• மருந்தின் பெயர் தெரிந்தால் வைத்தியரிடம் கூறுக.
• குப்பையிற் கிடந்த ஊசி யாருக்கு ஏற்றியது எனத் தெரியாது. ஆகவே "மாட்டூசிதானே" என அலட்சியம் செய்யவேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. குருதி தோய்ந்த பஞ்சு இடவேண்டிய பையின் நிறம்
(1) கறுப்பு (2) பச்சை (3) மஞ்சள் (4) நீலம்

2. ஒட்டோகிளேவில் நீராவி 100 பாகை செல்சியசை விடக் கூடிய வெப்பநிலையை அடையக் காரணம்
(1) கனவளவு கூடுதல் (2) அமுக்கம் கூடுதல் (3) நீர் குறைதல் (4) காற்றுச் சேர்தல்

3. மேசையில் சிந்திய குருதியைத் துடைக்க 0.5 சதவீத சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசல் 1 லீற்றர் தேவை. உங்களிடம் 5 சதவீதக் கரைசல் உண்டு. எவ்வாறு தயாரிப்பீர்கள்?

4. ஒரு வைத்தியசாலை, ஊசிகளைப் பொலித்தீன் பையிலிட்டு வளவினுள் எரிக்கின்றது. இச்செயலிலுள்ள இரு குறைபாடுகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் எழுதுக.

விடைகள்

1. (3)
2. (2)
3. 10 மடங்கு ஐதாக்க வேண்டும். 100 மில்லிலீற்றர் கரைசலுடன் 900 மில்லிலீற்றர் நீர் சேர்க்கப்படும்.
4. ஊசி பையைத் துளைத்துக் கையிற் குத்தும்; துளைபடாத பாத்திரம் பயன்படுத்த வேண்டும். திறந்த வெளியில் எரித்தால் நச்சு வாயுக்கள் வெளியேறும், ஊசியும் அழியாது. அனுமதி பெற்ற தகன உலைக்கு அனுப்ப வேண்டும். (குறைபாட்டை மட்டும் எழுதினாற் போதாது, திருத்தத்தையும் சேர்த்தெழுதுக.)