கல்சிங்கமும் கணினித்திரையும்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரிவது படம். அதற்குப் பின்னே நிகழ்வது கணக்கு. கணினித்திரையில் ஓர் உருவம் அசையும்போது நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகள் செய்யப்படுகின்றன. அவற்றைச் செய்து முடிப்பதற்கென்றே உருவானது வரைகலை அட்டை. விளையாட்டுக் கருவியாகத் தொடங்கிய இவ்வட்டை இன்று நாடுகளின் அறிவியல் வலிமையை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. அது செயற்படும் முறையை எளிய நிலையில் விளக்குகிறது இப்பாடம்.

பெயரில் வாழும் சிங்கம்

மதுரையில் வையையின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ள பகுதி சிம்மக்கல். சிம்மம் என்பது சிங்கம். கல்லால் ஆன சிங்கத்தைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது இவ்விடம். மாவட்ட மைய நூலகம் இங்குதான் உள்ளது. தெற்கே சிறிது தொலைவில் மீனாட்சியம்மன் கோவிலின் கோபுரங்கள் சுதையுருவங்கள் செறிந்து உயர்ந்து நிற்கின்றன. உருவம் படைக்கும் கலையில் ஊறிய மண் இது.

ஒரு கற்சிங்கத்தைச் செதுக்கும் சிற்பி, கல்லில் வேண்டாத பகுதிகளை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கிறார். அதே சிங்கத்தைக் கணினித்திரையில் எழுப்ப வேண்டுமெனில் என்ன செய்வது? கணினியிடம் கல்லும் இல்லை, உளியும் இல்லை. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. எண்களைக் கொண்டு சிங்கத்தைச் சமைக்கும் அப்பணியே வரைகலை.

திரை என்னும் கோலத்தரை

வாசலில் கோலமிடுவோர் முதலில் வரிசையாகப் புள்ளி வைப்பர். கணினித்திரையும் அவ்வாறே நெருங்கிய புள்ளிகளின் வரிசைகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியையும் படப்புள்ளி என்கிறோம். பரவலாகப் பயன்படும் முழு உயர்தெளிவுத் திரையில் கிடையாக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 படப்புள்ளிகள் கிடைக்கும்.

ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு கூற்றின் பொலிவையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் குறிக்கும். மூன்றும் கூடும் வகைகளைக் கணக்கிட்டால் 1,67,77,216 நிறங்கள் பிறக்கின்றன.

நின்ற படத்திற்கு இதுவே போதும். சிங்கம் தலையைத் திருப்ப வேண்டுமானால் படம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். திரை பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அவ்வாறாயின் நொடிக்கு 12,44,16,000 படப்புள்ளிகளின் நிறத்தை முடிவுசெய்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு நூறு கணக்குகள் என்று கொண்டாலும், நொடிக்கு ஏறத்தாழ 1,244 கோடி கணக்குகள் ஆகின்றன. இப்பெருஞ்சுமையை யார் சுமப்பது என்பதே வரைகலை அட்டையின் பிறப்புக்குக் காரணமான வினா.

ஒருவர் பணியும் பலர் பணியும்

கணினியின் மூளை எனப்படுவது மையச் செயலகம். பலவகைப் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக, மிக விரைவாகச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. பொதுவான கணினிகளில் உள்ள மையச் செயலகத்தில் நான்கு, எட்டு, பதினாறு என்னும் அளவில் வலிமைமிக்க கணக்கிடும் அலகுகள் அமைந்திருக்கும். வரைகலைச் செயலியிலோ எளிய அலகுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சான்றாக, 2022ஆம் ஆண்டு வெளியான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் செயலியில் 16,384 அலகுகள் உள்ளன.

இவ்வேறுபாட்டை மதுரைச் சுங்குடிச் சேலையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். துணியில் ஆயிரக்கணக்கான இடங்களில் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சிட்ட இடங்களில் சாயம் ஏறாது. அவிழ்த்தபின் அவ்விடங்கள் புள்ளிகளாக மலரும். எந்த நிறத்தை முதலில் ஏற்றுவது, புள்ளிகளை எவ்வாறு அமைப்பது என்பன போன்றவற்றைத் தேர்ந்த ஒருவர் சிந்தித்து முறைப்படுத்த வேண்டும். அது மையச் செயலகத்தின் பணியை ஒத்தது. முடிச்சிடும் வேலை அத்தகையதன்று. ஒரு முடிச்சு மற்றொரு முடிச்சுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே எத்தனை கைகள் சேர்கின்றனவோ அத்தனை விரைவாக வேலை முடியும். படப்புள்ளிகளுக்கு நிறம் காண்பதும் அவ்வாறே. சிங்கத்தின் காதில் உள்ள புள்ளியின் நிறத்தைக் கணிப்பதற்கு வாலில் உள்ள புள்ளி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு பல பணிகளை ஒரே நேரத்தில் செய்வதை இணைச்செயலாக்கம் என்பர்.

எளிய அலகுகள் தனித்தனியே ஆணை பெறுவதில்லை. என்விடியா செயலிகளில் 32 பணிகள் கொண்ட குழு ஒன்றுக்கு ஒரே கட்டளை வழங்கப்படும்; கட்டளை ஒன்றாயினும் எண்கள் வேறு வேறாக இருக்கும். குழுவிற்குள் சில பணிகள் ஒரு வழியிலும் சில வேறொரு வழியிலும் செல்ல நேர்ந்தால், ஒரு பகுதி செயற்படும்போது மறுபகுதி காத்திருக்கும். ஆகவே, முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்கும் என்னும் தன்மையுள்ள வேலைகளில் வரைகலைச் செயலி சிறப்பதில்லை.

சிங்கம் உருவாகும் படிநிலைகள்

முதற்படி முக்கோணங்கள். சிங்கத்தின் மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு முக்கோணங்களால் போர்த்தப்படுகிறது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் அமையாவிடில், அவற்றின் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்லும். ஆதலால் முக்கோணம் ஒருபோதும் கோணலாக மடியாது; கணக்கிடுவதற்கும் எளிது. ஒவ்வொரு முனைக்கும் நீளம், அகலம், உயரம் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. பிடரி மயிர் போன்ற நுண்ணிய இடங்களில் முக்கோணங்கள் சிறியனவாகவும் மிகுதியாகவும் இருக்கும்.

இரண்டாம்படி பார்வை. காண்பவர் எங்கே நின்று நோக்குகிறார் என்பதற்கேற்ப முனைகளின் இடம் மாற்றிக் கணக்கிடப்படுகிறது. அருகில் உள்ளவை பெரியனவாகவும் தொலைவில் உள்ளவை சிறியனவாகவும் தோன்றும்படி, முப்பரிமாணச் சிங்கம் இருபரிமாணத் திரைக்கு இறக்கப்படுகிறது. கணிதப் பாடத்தில் நீங்கள் கற்கும் அணிகளின் பெருக்கலே இங்குப் பயன்படுகிறது.

மூன்றாம்படி புள்ளியாக்கம். திரையில் விழுந்த ஒவ்வொரு முக்கோணமும் எந்தெந்தப் படப்புள்ளிகளை மூடுகிறது என்பது கண்டறியப்படுகிறது.

நான்காம்படி நிறமும் நிழலும். கல்லின் சொரசொரப்பைக் காட்டும் படம் முக்கோணங்களின்மேல் போர்த்தப்படுகிறது. பின்னர், ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்பது கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒளியை நேராக எதிர்கொள்ளும் பரப்பு பொலிவாகவும் சாய்ந்திருக்கும் பரப்பு மங்கலாகவும் அமையும். காலைக் கதிர் பட்ட முகமும் நிழல்படிந்த விலாவும் இவ்வாறுதான் வேறுபடுகின்றன.

ஐந்தாம்படி மறைப்பு. முன்கால் பின்காலை மறைக்க வேண்டுமல்லவா? ஒவ்வொரு படப்புள்ளியிலும் நிறத்துடன் தொலைவும் குறித்து வைக்கப்படுகிறது. ஒரே புள்ளிக்கு இரு பரப்புகள் உரிமை கோரினால், காண்பவர்க்கு அருகில் உள்ளதே நிலைபெறும், மற்றது விலக்கப்படும்.

இவ்வைந்து படிகளும் முடிந்தபின் முழுப்படமும் நினைவகத்தில் அமைகிறது. அங்கிருந்து கம்பி வழியாகத் திரையை அடைகிறது. இவையனைத்தும் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குக்குள் நிகழ்ந்தாக வேண்டும். காலம் தவறினால் படம் தடுமாறுவதைக் கண் உணர்ந்துவிடும்.

அட்டையின் உறுப்புகள்

வரைகலை அட்டை, கணினியின் தாய்ப்பலகையில் உள்ள நீண்ட செருகுவாயில் பொருந்துகிறது. அதன் நடுவே இருப்பது வரைகலைச் செயலி. அதனைச் சூழ்ந்து அட்டைக்கே உரிய நினைவகம் அமைந்துள்ளது. ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே நேரத்தில் எண்களைக் கேட்பதால், அவற்றை விரைந்து வழங்கும் நினைவகம் தேவைப்படுகிறது. முன்னர்க் குறிப்பிட்ட அட்டையின் நினைவகம் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிகாபைட் தரவைப் பரிமாற வல்லது.

உழைப்பு மிகுந்தால் வெப்பமும் மிகும். அந்த அட்டை 450 வாட் வரை மின்னாற்றல் கொள்ளும். இது 75 வாட் மின்விசிறிகள் ஆறினுக்கு ஒப்பாகும். ஏற்கும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனை வெளியேற்ற உலோகத் தகடுகளும் விசிறிகளும் பொருத்தப்படுகின்றன. வெப்பம் எல்லை கடந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதுரைச் சமவெளியின் கோடையில், காற்றோட்டமில்லாத மூலையில் கணினியை வைப்பது அதன் திறனைக் குறைப்பதாகும்.

தெரிந்து தெளிவோம்

நீங்கள் ‘கொ’ என்று உள்ளிடும்போது, கணினி முதலில் ககரத்தையும் பின்னர் ஒகரக் குறியையும் எண்களாகப் பதிவுசெய்கிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் தோன்ற வேண்டும். இவ்விட மாற்றத்தை மென்பொருள் செய்கிறது. பிறகு எழுத்தின் வளைகோடுகள் படப்புள்ளிகளாக மாற்றப்படுகின்றன. விளிம்பில் பாதி மட்டுமே மூடப்பட்ட புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிறம் தரப்படுவதால் ழகரத்தின் சுழி படிக்கட்டுபோல் உடையாமல் வழவழப்பாகத் தோன்றுகிறது.

விளையாட்டிலிருந்து விரிந்த வானம்

1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்விடியா நிறுவனம், 1999இல் ஜிஃபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டு, வரைகலைச் செயலி என்னும் பெயரைப் பரவலாக்கியது. கணினி விளையாட்டுகளே அன்று அதன் முதன்மைச் சந்தை. 2006ஆம் ஆண்டு அந்நிறுவனம் அறிமுகம் செய்த கூடா என்னும் அமைப்பு, படம் வரைதல் அல்லாத பொதுக் கணக்குகளுக்கும் இச்செயலியைப் பயன்படுத்த வழிசெய்தது.

2012இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஜெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும், விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு அட்டைகளைக் கொண்டு ஏறத்தாழ 12 லட்சம் படங்களைக் கணினிக்குப் பயிற்றுவித்தனர். படங்களை இனங்காணும் போட்டியில் அவர்களது முறை பெரும் வேறுபாட்டில் முன்னின்றது. செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய பெருங்கணக்குகளும் அணிப்பெருக்கல்களே. சிங்கத்தைத் திருப்பிய அதே கணக்கு, சிங்கத்தை இனங்காணவும் உதவியது.

பலவற்றை இணைத்து வலிமை காணும் இவ்வழி இந்தியாவிற்குப் புதிதன்று. 1980களில் நம் நாடு விரும்பிய திறனுடைய மீத்திறன் கணினியை வெளிநாட்டிலிருந்து பெற இயலவில்லை. அந்நிலையில் 1988இல் புனேயில் உயர்கணினி மேம்பாட்டு மையமாகிய சி-டாக் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் பல சிறு செயலிகளை இணைத்து, 1991இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணினியை அது உருவாக்கியது. அந்த வழிமுறையில் வந்த பரம் சித்தி-ஏஐ, வரைகலைச் செயலிகளின் துணையுடன் 2020 நவம்பரில் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் வரிசையில் 63ஆம் இடம் பெற்றது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 10,371.92 கோடி ரூபாய் மதிப்பில் இந்தியா ஏஐ இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட வரைகலைச் செயலிகளை ஆய்வாளர்களும் இளம் நிறுவனங்களும் பயன்படுத்தும் வகையில் அமைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

இது தமிழுக்கும் தொடர்புடைய செய்தி. தமிழைப் புரிந்து பேசும் கணினி உருவாக வேண்டுமெனில் தமிழ்த்தரவு வேண்டும். அத்தரவைப் பயிற்றுவிக்கும் செயலிகளும் வேண்டும். செயலிகள் யார் கையில் உள்ளனவோ, எந்த மொழியை முதலில் பயிற்றுவிப்பது என்னும் முடிவும் பெரும்பாலும் அவர்கள் கையில் உள்ளது.

யாருக்கு எது வேண்டும்?

எல்லாக் கணினிகளிலும் தனி அட்டை இருப்பதில்லை. பல கணினிகளில் மையச் செயலகத்துடன் இணைந்தே சிறிய வரைகலைச் செயலி அமைந்திருக்கும். அது கணினியின் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் வழியே மாணவர் பலர் முதன்முதலாகக் கணினியைத் தமதாக்கிக்கொண்டனர். கட்டுரை எழுதவும் பாடக்காணொலி காணவும் நிரல் எழுதக் கற்கவும் எளிய மடிக்கணினியே போதும். விலைமிகுந்த அட்டையைப் பொருத்துவதால் தட்டச்சின் வேகமோ இணையத்தின் வேகமோ கூடுவதில்லை. முப்பரிமாண வடிவமைப்பு, காணொலித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றில் ஈடுபடுவோர்க்கே தனி அட்டை பயன்தரும். அவர்களும் தொலைவிலுள்ள செயலிகளை இணையவழி வாடகைக்குப் பெறலாம். இவ்வேறுபாட்டை அறிந்தவர், குடும்பத்தின் உழைப்பில் சேர்ந்த பணத்தை விளம்பரச் சொற்களுக்காகச் செலவிடமாட்டார்.

சிற்பியின் கைத்திறன் கல்லில் நின்றது. இன்றைய வரைகலையரின் திறன் எண்களில் நிற்கிறது. கருவி மாறினாலும் உருவத்தைக் கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையும் மாறவில்லை. கணக்கைக் கற்போர்க்கு வரைகலை அட்டையின் கதவு திறந்தே இருக்கிறது.

கலைச்சொல் அறிவோம்

வரைகலை அட்டை – கிராபிக்ஸ் கார்டு
படப்புள்ளி – பிக்சல்
மையச் செயலகம் – சிபியு
வரைகலைச் செயலி – ஜிபியு
தாய்ப்பலகை – மதர்போர்டு

கற்பவை கற்றபின்

1. உருப்பெருக்கிக் கண்ணாடியால் கைப்பேசித் திரையின் வெண்ணிறப் பகுதியை உற்றுநோக்கி, நீங்கள் கண்ட நிறங்களைக் குறித்து வகுப்பில் உரையாடுக.
2. உங்கள் பகுதியிலுள்ள சிற்பம் ஒன்றைத் தேர்ந்து, அதனைக் கட்டத்தாளில் முக்கோணங்களால் மட்டும் வரைந்து காட்டுக.
3. ஒருவரே வரிசையாகச் செய்ய வேண்டிய பணிகள், பலர் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய பணிகள் என உங்கள் ஊர்த் தொழில் ஒன்றின் பணிகளைப் பிரித்துப் பட்டியலிடுக.

மதிப்பீடு

1. திரையில் உருவங்களை அமைக்க முக்கோணங்கள் பயன்படுத்தப்படுவது ஏன்?
2. மையச் செயலகத்தையும் வரைகலைச் செயலியையும் ஒப்பிட்டு எழுதுக.
3. ‘கணக்கிடும் வலிமையும் மொழியின் எதிர்காலமும்’ என்னும் பொருளில் உங்கள் கருத்துகளைத் தொகுத்துரைக்க.